மறிக்காமல் விட்ட ஆள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ரசிகர்களில் பெரும்பாலோர் எழுந்து நின்று ஆர்ப்பரிப்பது நெடுந்தொலைவுக்கு வீசப்படும் பந்துக்குத்தான். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் டாம் ஆஸ்போர்ன் 1973 முதல் 1997 வரை பயிற்சியாளராக இருந்து 255 ஆட்டங்களை வென்றார். தோற்றவை 49, சமனில் முடிந்தவை 3. வெற்றிகளில் பெரும்பகுதி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் ஓடியே கிடைத்தது. பலம் மட்டும் போதும், இதில் கலை எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பந்தையே பார்க்கிறார்கள். ஆஸ்போர்னின் ஆட்டத்தை ரசிக்க, எதிரணியில் வேண்டுமென்றே மறிக்காமல் விடப்பட்ட ஓர் ஆளைப் பார்க்க வேண்டும்.

‘ஆப்ஷன்’ எனப்படும் அந்த ஆட்டமுறையில், தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்துடன் பக்கவாட்டில் ஓடுவார். சற்றுத் தள்ளி இன்னொருவர் கூடவே ஓடுவார். எதிரில் நிற்கும் ஒருவரை மட்டும் யாரும் மறிக்க மாட்டார்கள். அவர் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்தால் பந்து பக்கத்தில் இருப்பவருக்குப் போகும். பக்கத்தில் இருப்பவரைக் குறிவைத்தால் குவார்ட்டர்பேக்கே உள்ளே நுழைந்துவிடுவார். அந்த ஆள் எந்தப் பக்கம் போனாலும் தப்பாகிவிடுகிறது. அவரை மறிக்காததால் மிச்சமாகும் நெப்ராஸ்கா வீரர் வேறோர் இடத்தில் வழி திறக்கிறார். கண்ணிமைக்கும் நேரத்தில் போடப்படும் இந்தக் கணக்கைப் பலம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 1995-ல் அந்த அணி தோல்வியே காணாமல், ஆட்டத்துக்கு ஏறக்குறைய 400 கெஜம் ஓடியது. இறுதியில் ஃபுளோரிடாவை 62-24 என்று வீழ்த்தியது. ஃபுளோரிடா அந்நாளில் வீச்சு ஆட்டத்துக்குப் பெயர்போன அணி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நல்ல வீரர்கள் இருந்தார்கள், அவ்வளவுதானே என்பார்கள். இருந்தார்கள்தான். ஆனால் நெப்ராஸ்கா ஆள்தொகை குறைந்த வேளாண் மாநிலம். முன்வரிசைக்கான பெரிய உடம்புக்காரர்கள் பலரை உள்ளூரிலேயே உருவாக்கினார்கள். வேகக்காரர்களை நியூஜெர்சி, டெக்சாஸ் வரை போய்த்தான் தேட வேண்டியிருந்தது. மண்ணுக்கு ஏற்ற பயிரைத் தேர்ந்தது போல, கையிலிருந்ததற்கு ஏற்ற ஆட்டத்தை அவர் தேர்ந்தார்.

அவர் புகழ் உச்சம் தொட்டது ஒரு தோல்வியில். 1984 ஜனவரி 2, ஆரஞ்சு பௌல் எனும் பருவ இறுதி ஆட்டம். மயாமி 31-24 என முன்னிலையில் இருக்க, 48 நொடிகள் மிச்சமிருக்கும்போது நெப்ராஸ்காவின் ஜெஃப் ஸ்மித் ஆப்ஷன் ஓட்டத்தில் ஆறு புள்ளி தரும் டச்டவுன் போட்டார். ஒரு புள்ளிக்கு உதைத்தால் சமன். சமனே வாக்கெடுப்பில் முதலிடத்துக்குப் போதும் என்பதே பொதுக்கணிப்பு. ஆஸ்போர்ன் இரண்டு புள்ளிக்கு முயன்றார். ஓட்டத்தையே நம்பிய மனிதர் அன்று வீசச் சொன்னார்! குவார்ட்டர்பேக் டர்னர் கில் எறிந்த பந்தை மயாமி வீரர் ஒருவர் தட்டிவிட, 31-30. அவசர முடிவு என்ற குற்றச்சாட்டை ஏற்க முடியவில்லை. வெல்ல வந்த ஆட்டத்தைச் சமனாக்கி வாக்கெடுப்பில் பட்டம் வாங்குவது அவருக்குப் பட்டமாகவே தோன்றவில்லை. பத்தாண்டு கழித்து 1994, 1995, 1997 என மூன்று பட்டங்கள் வந்தன. முதல் இரண்டும் தனித்து, கடைசியது மிச்சிகனுடன் பகிர்ந்து.

ஆனால் 1995-ன் அந்த மகத்தான அணியில் ஒரு கறை இருக்கிறது. பெண்ணைத் தாக்கிய நட்சத்திர ஓட்டக்காரரை இடைநீக்கம் செய்துவிட்டு, அதே பருவத்திலேயே ஆஸ்போர்ன் திரும்பச் சேர்த்துக்கொண்டார். அணியின் ஒழுங்கே அவனைத் திருத்தும் என்பது அவர் தரப்பு வாதம். கல்வி உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவரின் வாதம் என்றாலும், தாக்கப்பட்டவளின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நிற்காது.

2007 அக்டோபரில், இடையில் நாடாளுமன்றத்திலும் மூன்று முறை இருந்துவிட்டு, அவர் விளையாட்டுத் துறை இயக்குநராகத் திரும்பினார். அடுத்த மாதமே பயிற்சியாளரை நீக்கி, டிசம்பரில் போ பெலினியை அமர்த்தினார்; பெலினி இருந்தவரை எந்தப் பருவத்திலும் வெற்றி எண்ணிக்கை ஒன்பதுக்குக் கீழே போகவில்லை. பெரிய முடிவு 2011-ல் பிக் டென் கூட்டமைப்புக்கு மாறியது. பழைய கூட்டமைப்பில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கை ஓங்கியிருந்தது. புதியதில் வருவாயைச் சமமாகப் பிரிப்பதே அப்போதைய கொள்கை. கணக்கில் குறையில்லை. ஆயினும் டெக்சாஸ் மைதானங்களில் ஆண்டுதோறும் ஆடும் வாய்ப்பு போனதும், அந்த மாநிலத்து இளைஞர்களைப் பல்கலைக்கழகம் இருக்கும் லிங்கனுக்கு இழுப்பது கடினமாயிற்று. 1983-ல் அவருடைய ஆப்ஷனை ஓட்டிய கில் டெக்சாஸ்காரர்தான்.