ஒரே வட்டில் பல பகுதிகள்: தொலைக்காட்சிக் கதைகளைத் தொகுக்கும் முறை

தொலைக்காட்சியில் வாரம் ஒன்றாக ஒளிபரப்பான பல பகுதிகளை ஒரே புளூ-ரே வட்டில் சேர்த்து வெளியிடும் வழக்கம், 2006-இல் அவ்வகை வட்டுகள் விற்பனைக்கு வந்த காலத்திலிருந்து இருந்து வருகிறது. அதற்கு முன்னர் வி.சி.டி.யிலும் டி.வி.டி.யிலும் இதே வேலை நடந்தது. இடம், படத்தரம், விலை ஆகியவை தொடர்பான தொழில்நுட்பச் செய்தியாகவே இது பெரும்பாலும் பேசப்படுகிறது. உண்மையில் இது பதிப்பாசிரியர் செய்யும் வேலை. எந்தப் பகுதிக்குப் பின் எது, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, தலைப்பிசையை வைப்பதா வெட்டுவதா, மூலக்கதை எழுதியவரின் பெயரை எங்கே காட்டுவது என்னும் முடிவுகள் அனைத்தும் கதையின் பொருளைத் தொடுபவை.

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் பகுதிக்கு இதில் தனி அக்கறை உண்டு. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் என்னும் ஒரே சிற்றூரிலிருந்து கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் வந்தார்கள். பூமணி, சோ. தர்மன், கோணங்கி எனப் பட்டியல் அதன் பின்னும் நீள்கிறது. சிறுகதை, தொடர்கதை, வாய்மொழிக் கதை ஆகிய மூன்றிலும் வளம் மிக்க நிலம் இது. இம்மூன்றும் படமாகிப் பல ஒன்றாய்ச் சேர்ந்து ஒரு தட்டுக்குள் அடைபடும்போது எது நிற்கும், எது போகும் என்பதை இப்பகுதிக் கதைகளையே உரைகல்லாக வைத்துப் பார்க்கலாம்.

இடத்தின் கணக்கு

1986-இல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'மால்குடி டேஸ்' தொடரை எடுத்துக்கொள்வோம். ஆர்.கே. நாராயணின் கதைகளைச் சங்கர் நாக் இயக்கினார். கர்நாடகத்தின் அகும்பேயில் படப்பிடிப்பு நடந்தது. தலைப்புக்கான கோட்டோவியங்கள் ஆர்.கே. லட்சுமணன் வரைந்தவை; இசை எல். வைத்தியநாதன். பின்னாளில் 2006-இல் கவிதா லங்கேஷ் இயக்கியவை நீங்கலாக, சங்கர் நாக் காலத்துப் பகுதிகள் 39. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 22 நிமிடம்.

ஒரு வி.சி.டி.யில் 74 நிமிடம் கொள்ளும். எனவே மூன்று பகுதிகள். மொத்தத் தொடருக்கு 13 தட்டுகள். நொடிக்கு 5 மெகாபிட் அளவில் பதிந்தால் ஒரு பகுதிக்குச் சுமார் 825 மெகாபைட் ஆகும். 4.7 கிகாபைட் டி.வி.டி.யில் ஐந்து பகுதிகள் அடங்கும். மொத்தம் 8 தட்டுகள். இரண்டடுக்கு புளூ-ரே வட்டின் கொள்ளளவு 50 கிகாபைட். முழுத் தொடரும் 32 கிகாபைட்டில் முடிந்துவிடுவதால் 14 மணி நேரக் கதையும் ஒரே வட்டில் உட்கார்ந்த பிறகும் இடம் மிஞ்சுகிறது.

2000-களில் ஊருக்கு ஊர் இருந்த சி.டி. கடைகளில் ஒரே தட்டில் நான்கு படம், ஆறு படம் என்று விற்றவற்றைப் பார்த்தவர்களுக்கு இட நெருக்கடி என்ன செய்யும் என்பது தெரியும். பெயர்ப் பட்டியல் போகும், பாட்டு போகும், படம் கட்டம் கட்டமாக உடையும். அந்த நெருக்கடி புளூ-ரேயில் இல்லை. ஆகவே இன்று ஒரு தொகுப்பில் ஏதேனும் வெட்டப்பட்டிருந்தால் அதற்கு இடம் காரணமாகாது. வெட்ட வேண்டும் என்று யாரோ முடிவு செய்ததே காரணம்.

படத்தரம் பற்றி ஒன்று சொல்லிக் கடந்துவிடலாம். நாடாவில் 576 வரிகளில் பதிவான நிகழ்ச்சி, 1,080 வரிகள் காட்டும் வட்டில் ஏறியதனால் புதிதாக ஒரு நுணுக்கத்தையும் பெற்றுவிடாது. உறையில் எச்.டி. என்று அச்சிடுவது விற்பனை உத்தி. இதைவிடக் கவனிக்க வேண்டியது ஓட்ட வேகம். இந்தியத் தொலைக்காட்சி நொடிக்கு 25 படச் சட்டங்கள் கொண்டது. அதைத் திரைப்பட வழக்கப்படி 24 ஆக மெதுவாக்கி ஏற்றினால், 22 நிமிடப் பகுதி ஏறக்குறைய 23 நிமிடம் ஓடும். சரிக்கட்டாவிட்டால் சுருதியும் இறங்கும். வைத்தியநாதனின் அந்தத் தலைப்பு மெட்டைக் கேட்டு வளர்ந்த காதுகள் இதை முதல் நொடியிலேயே கண்டுகொள்ளும்.

தனிக்கதையும் தொடர்கதையும்

'மால்குடி டேஸ்' இரண்டு வகைப் பகுதிகள் கலந்தது. 'சுவாமியும் நண்பர்களும்' போன்ற நாவல்கள் பல பகுதிகளாகத் தொடர்ந்து வந்தன. மற்றவை ஒரு வாரத்தில் தொடங்கி அந்த வாரத்திலேயே முடியும் சிறுகதைகள். ஒரே வட்டில் சேர்க்கும்போது இவ்விரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதே தொகுப்பாளர்கள் செய்யும் பெரிய பிழை. தொடர்ச்சியாகப் பார்க்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தால் ஒன்று முடிந்த கையோடு அடுத்தது ஓடத் தொடங்குகிறது. நாவலுக்கு இது பொருந்தலாம். சிறுகதைக்குப் பொருந்தாது.

கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையை நினைத்துப் பார்க்கலாம். மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்காத சாரங்கன் என்னும் சிறுவன், தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து நீட்டி, அதில் தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். கதை அத்துடன் நிற்கிறது. அச்சில் அதற்குக் கீழே வெற்றுத்தாள் இருக்கிறது. வாசகர் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருத்தலும் சேர்ந்ததுதான் கதை. வாராந்தர ஒளிபரப்பில் ஏழு நாள் இடைவெளி அந்த வேலையைச் செய்யும். இத்தகைய கதை 22 நிமிடப் படமாகி வட்டில் ஏறி, சாரங்கன் நிற்கும்போதே அடுத்த கதையின் தலைப்பிசை முழங்கினால், அந்தப் பையனுக்கு இரண்டாம் முறையும் ஒன்று மறுக்கப்படுகிறது.

கரிசல் காட்டில் கதை சொல்லிய முறையும் இதற்குச் சாட்சி. கேட்பவர் 'உம்' கொட்டினால்தான் சொல்பவர் மேலே போவார். 'உம்' நின்றால் கதையும் நிற்கும். ஒரு கதை முடிந்து மறுகதை தொடங்குமுன் வெற்றிலை, தண்ணீர், ஊர்ப்பேச்சு என்று எதுவோ ஒன்று நடுவில் வரும். கி. ராஜநாராயணன் சேர்த்த நாட்டுப்புறக் கதைகள் கனத்த தொகுதிகளாக வந்துள்ளன. அவற்றை ஒரே மூச்சில் படிக்க யாரும் முயல்வதில்லை; இரவுக்கு ஒன்றாக எடுத்துப் படிப்பவர்களுக்கே அவை பிடிபடுகின்றன. புத்தகம் தானாகத் தாளைப் புரட்டாது. வட்டுக்கு அந்தப் பழக்கத்தைத் தொகுப்பாளர்தான் சொல்லித் தர வேண்டும்.

தொடர்கதையின் நிலை வேறு. இதற்கு நேரான உலக எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 'ஸ்டார் ட்ரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்னும் அமெரிக்கத் தொடரில் 'பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்' இரண்டு பகுதிகளாக வந்த கதை. முதற்பகுதி 1990 ஜூன் மாதம் ஒளிபரப்பானது. எதிரிகளிடம் சிக்கி அவர்களில் ஒருவராகவே மாற்றப்பட்டுவிட்ட தம் தலைவர் இருக்கும் கப்பலின் மீது சுடும்படி துணைத்தலைவர் ஆணையிடுகிறார்; திரை இருள்கிறது. விடை செப்டம்பரில்தான் கிடைத்தது. 2013-இல் இவ்விரண்டையும் ஒட்டி ஒரே நீண்ட படமாக ஒரு புளூ-ரே வட்டில் வெளியிட்டார்கள். ஒட்டுவேலை சுத்தமாகச் செய்யப்பட்டிருக்கிறது. கதையும் விறுவிறுப்பாக ஓடுகிறது. ஆனால் மூன்று மாதம் பார்வையாளரைத் தவிக்கவிட்ட ஆணை, இப்போது அடுத்த நொடியிலேயே பயனற்றுப் போகிறது. பழைய வடிவில் அது கதையின் உச்சம். புதிய வடிவில் கடந்துபோகும் ஒரு சண்டைக் காட்சி. எனினும் இதில் பெரிய இழப்பு நேரவில்லை. இரு பகுதிகளையும் தனித்தனியே கொண்ட பருவத் தொகுப்புகளும் வெளிவந்துள்ளன. ஒட்டியது மட்டும் எஞ்சியிருந்தால்தான் குற்றம்.

தமிழில் இதே சோதனை அச்சில் நடந்திருக்கிறது. கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' 1976-இல் வெளியானது. அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' ஆனந்த விகடனில் வாராவாரம் வந்து பிறகு நூலாகி, 1991-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் வேறுபாடு தெரிகிறது. முன்னதில் மங்கத்தாயாரு அம்மாள் சொல்லும் பழங்கதை நாவலின் உடம்போடு ஒட்டி வளர்ந்திருக்கிறது. பின்னதில் ஒவ்வொரு சம்பவமும் தனக்கென ஒரு வாசலும் வெளியேற்றமும் கொண்டு நிற்கிறது. சிலர் இதைக் கட்டுக்கோப்புக் குறைவு என்பர். வாரப் பத்திரிகையை எதிர்பார்த்திருந்து வாங்கியவர்களுக்காக எழுதப்பட்டது என்பதை நினைவில் வைத்தால் அது குறையாகத் தோன்றாது. நூலில் தையல் தெரிவதே அதன் பிறப்புச் சான்று.

தொலைக்காட்சித் தொடர்களில் வரும் 'சென்ற வாரம்' என்னும் முன்கதைச் சுருக்கமும் இத்தகைய சான்றுதான். 1980-களில் தென்மாவட்டங்களுக்குச் சென்னைத் தொலைக்காட்சி எளிதில் எட்டவில்லை. தூத்துக்குடிப் பக்கத்தில் உயரமான ஆண்டெனா கட்டி இலங்கையின் ரூபவாகினியைப் பிடித்தவர்கள் உண்டு. கொடைக்கானல் நிலையம் வந்த பிறகே நிலைமை மாறியது. தெருவுக்கு ஒரு பெட்டி இருந்த காலம். மின்சாரம் போனால் அந்த வாரக் கதை போனதுதான். அப்படித் தவறவிட்டவருக்காகச் செய்யப்பட்டதே முன்கதைச் சுருக்கம். ஒரே இருப்பில் பார்ப்பவருக்கு அது சலிப்பூட்டும் என்பது உண்மை. அதற்காக அதை அழித்துவிட வேண்டியதில்லை.

புளூ-ரே வட்டின் அமைப்பே இதற்கு வழி தருகிறது. அதில் படத்துண்டுகள் தனித்தனிக் கோப்புகளாகவும், அவற்றை எந்த வரிசையில் ஓட்டுவது என்னும் பட்டியல் வேறாகவும் இருக்கும. ஒரே துண்டுகளை வைத்துக்கொண்டு, தலைப்பிசையும் முன்கதையும் உள்ள பட்டியல் ஒன்றும், அவை நீங்கிய பட்டியல் ஒன்றும் அமைக்கலாம். கூடுதல் இடம் பெயரளவுக்கே தேவைப்படும். தேங்காய்ச் சில்லையும் வெல்லத்தையும் தனித்தனியாகக் கொடுத்தால் வேண்டியவர் சேர்த்துத் தின்பார். முதலிலேயே இடித்துக் கலந்துவிட்டால் பிரிக்க முடியாது.

மறைந்துபோகும் பெயர்கள்

பாலுமகேந்திரா சன் தொலைக்காட்சிக்காக எடுத்த 'கதை நேரம்' தமிழில் இவ்வகைத் தொகுப்புக்கு மிகவும் உரிய தொடர். 52 சிறுகதைகள், பல எழுத்தாளர்கள், ஒரே இயக்குநர். இத்தகைய தொடரை ஒரே நீள்கோப்பாக ஒட்டினால் முதலில் பலியாவது எழுத்தாளர் பெயர். இயக்குநரின் பெயர் உறையில் பெரிதாக இருக்கும்; கதாசிரியரின் பெயர் சில நொடித் தலைப்பு அட்டையில்தான் இருக்கும். அட்டையை வெட்டினால் கதை அநாதையாகிவிடும். பத்து ஆண்டு கழித்து அதைப் பார்க்கும் மாணவர், அச்சில் அந்தக் கதையைத் தேடிப் போக வழியே இருக்காது. இலக்கியத்துக்குத் தொலைக்காட்சி செய்யக்கூடிய பெரிய உதவி அந்தத் தேடல்தான்.

பள்ளிக்கூடக் கணக்கும் ஒன்று இருக்கிறது. ஒரு பாடவேளை 40 அல்லது 45 நிமிடம். 22 நிமிடப் பகுதியைக் காட்டிவிட்டு, மீதி நேரத்தில் மூலக்கதையைப் படிக்க வைக்கலாம். எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று கேட்கலாம். கோவில்பட்டி வட்டாரத் தமிழாசிரியருக்கு, தம் ஊர்க்காரர் எழுதிய கதையை இப்படி நடத்த முடிவது சாதாரண வசதியன்று. மூன்று மணி நேரம் ஒட்டாக ஓடும் கோப்பை வைத்துக்கொண்டு எந்த வகுப்பிலும் எதுவும் செய்ய முடியாது. வேண்டிய இடத்தைத் தேடுவதற்குள் மணி அடித்துவிடும்.

ஒரே வட்டை நம்புவதிலும் ஆபத்து இருக்கிறது. டி.வி.டி.யில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ளது, புளூ-ரேயில் 0.1 மில்லிமீட்டர்தான். கடினப் பூச்சு இருந்தாலும் ஆழமான கீறல் ஒன்று விழுந்தால் இழப்பது ஐந்து பகுதிகளை அன்று, முப்பத்தொன்பதையும்தான். மானாவாரியில் பருத்தியோடு உளுந்தையும் பாசியையும் சேர்த்து விதைக்கும் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. நூலகத்துக்கு வாங்கினால் இரண்டு படிகள் வாங்கி, ஒன்றை இரவலுக்கு விடாமல் வைப்பது நல்லது.

இனி இவ்வகைத் தொகுப்பு வெளியிடுவோர், கதையின் பெயர், எழுதியவர், கதை முதலில் அச்சான இதழ், இயக்கியவர், ஒளிபரப்பான நாள், ஓடும் நேரம் ஆகியவற்றைப் பகுதிவாரியாக அச்சிட்டு உறைக்குள் வைக்க வேண்டும். 'மால்குடி டேஸ்' போல 39 பகுதிகள் உள்ள தொடருக்கும் நான்கு பக்கத் தாள் போதும்.