அடுப்பின் நஞ்சு

அமெரிக்கக் கடற்படை அதிகாரி ரிச்சர்ட் பேர்ட், 1934-இல் அண்டார்க்டிகாவின் குளிர்கால இருளில் வானிலையைக் குறித்துவரத் தனியே தங்கினார். பனியில் புதைத்த குடிசையே அவர் வீடு. அவ்வனுபவத்தைக் கூறுவது 1938-இல் வெளிவந்த 'அலோன்' என்னும் நூல்.

தனிமையின் காவியமாகவே பலரும் இதைப் புகழ்வர். நீங்கள் இதை ஓர் அடுப்பின் கதையாகவும் படியுங்கள். புகைபோக்கிகளில் பனிக்கட்டி அடைக்கவே, அடுப்பும் மின்னாக்கி எஞ்சினும் கார்பன் மோனாக்சைடைக் கக்கின. நிறமும் மணமும் அற்ற இவ்வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றும். அணைத்தால் குளிர், ஏற்றினால் நஞ்சு. இந்த இக்கட்டை விவரிக்கும் பகுதிகளே நூலின் உயிர்.

தம்மை மீட்க வருவோர் இருளில் மடியக்கூடும் என அஞ்சி, அவர் வானொலியில் நோயை மறைத்தார். இது தியாகமே. ஆயினும் நஞ்சேறிய மூளையின் முடிவை நம்பலாமா? அவருடைய மோர்ஸ் செய்திகளின் தடுமாற்றமே தளத்திலிருந்தோரை ஐயுறச் செய்தது. ஆகஸ்டில் மூவர் வந்து சேர்ந்தனர். மறைத்த உண்மை வெளிப்பட்டதால்தான் அவர் பிழைத்தார்!

பனிமலை ஏறும் மாணவர்களே, அடைத்த கூடாரத்துள் அடுப்பேற்றாதீர்கள். தலை வலித்தால் உடனே வெளியேறுங்கள்; தோழரிடம் மறைக்காதீர்கள்.