தேனும் மீனும்

சமையல் குறிப்புக்கெல்லாம் விமரிசனமா என்று வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். ஒரு நாவலைப் படித்துவிட்டு மறுநாளே யாரும் அதன்படி நடந்து பார்ப்பதில்லை. சமையல் குறிப்பை அடுப்பில் ஏற்றிப் பார்த்துவிடுகிறார்கள். எழுத்துக்கு அதைவிடக் கடுமையான பரீட்சை வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எர்ணாவூரில் இருக்கும் என் அண்ணி சென்ற மாதம் அந்தப் பரீட்சையை நடத்தினாள். ஒரு மாத இதழின் சமையல் பக்கத்தில், ஸால்மன் மீனுக்குத் தேனும் சோயா சாஸும் கலந்து பூசிக் கல்லில் வாட்டி எடுப்பது எப்படி என்று போட்டிருந்தார்கள். கூடவே ஒரு வர்ணப்படம். மீன் துண்டின்மேல் வார்னிஷ் அடித்தாற்போல ஒரு பளபளப்பு. படத்தைப் பார்த்துத்தான் அண்ணி மயங்கியிருக்க வேண்டும்.

எர்ணாவூரில் ஸால்மனுக்கு எங்கே போவது? காசிமேட்டிலிருந்து கூடையோடு வரும் அம்மாளைக் கேட்டிருக்கிறாள். "ஸால்மனா? அது நம்ம காலாதாம்மா. இங்கிலீஷ்ல அப்படிச் சொல்லுவாங்கோ" என்று அவள் ஒரு மீனைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள். அவள் சொன்னது பொய்யில்லை. காலாவை 'இந்திய ஸால்மன்' என்று சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஸால்மன் குளிர்நாட்டு ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய், முட்டையிட ஆற்றுக்கே திரும்புகிற ஜாதி. காலாவோ நம் கரையோரத்திலும் கழிமுகத்திலும் திரிவது. செவுளுக்குக் கீழே நான்கு இழைகள் மீசைபோலத் தொங்கும். பண்ணையில் வளர்த்த ஸால்மனில் நூற்றுக்கு 13 பங்குபோலக் கொழுப்பு உண்டு. காலாவில் அவ்வளவு கிடையாது. அடுப்பில் கொஞ்சம் அசந்தால் வறண்டுவிடும். குறிப்பு எழுதியவர் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. தம் வாசகி எந்த ஊரில் இருக்கிறாள், அவள் கைக்கு எந்த மீன் வரும் என்று அவர் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் சொல்லியிருப்பார்.

நான் போனது ஞாயிற்றுக்கிழமை. அண்ணி மீனை ஒரு மணி நேரம் தேனிலும் சாஸிலும் ஊறப்போட்டு, கல்லை நன்றாகக் காயவைத்து, 'இருபுறமும் பொன்னிறமாகும் வரை' என்று எழுதியிருந்தபடியே வாட்டினாள். பொன்னிறம் வந்தது, போயும் விட்டது. மூன்று நிமிஷத்தில் கரி. பிட்டுப் பார்த்தால் உள்ளே பச்சை.

"இன்னா தம்பி, நீயும் எழுதுறவன்தானே? இப்படியா எழுதுவாங்க?" என்றாள்.

எனக்கு உறைத்தது.

தவறு அண்ணியுடையது அல்ல. வரிசை தப்பிய வாக்கியத்துடையது. மீனின் மேற்புறம் முறுகி மணம் ஏற 140 டிகிரி ஸெண்டிகிரேடாவது வேண்டும். நன்றாகக் காய்ந்த தோசைக்கல் 200ஐத் தாண்டும். தேனில் இருக்கும் பழச்சர்க்கரையோ 110லேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். ஆகவே மீனையும் தேனையும் ஒன்றாகக் கல்லில் போட்டால், மீன் வேகும் முன்னே தேன் கருகத்தான் செய்யும். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. இனிப்பு கடைசியில் வர வேண்டும். இந்தப் பண்டத்துக்கு மூலமான ஜப்பானியச் சமையலின் பெயரே 'தெரியாக்கி'. தெரி என்றால் பளபளப்பு, யாக்கி என்றால் சுட்டது. அங்கே மீனை முக்காலும் சுட்ட பிறகுதான் குழம்பைப் பூசிப் பூசி மெருகேற்றுவது வழக்கம். ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்த நம் குறிப்பில் அந்தக் 'கடைசியில்' என்ற ஒரு சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

இந்தப் 'பொன்னிறம்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். வெங்காயம் பொன்னிறம், முந்திரி பொன்னிறம், அப்பளம் பொன்னிறம், இப்போது மீனும் பொன்னிறம். நாவலாசிரியர்கள் கதாநாயகிக்கு மான்விழி கொடுப்பதுபோலத்தான் இதுவும். பார்த்து எழுதியது அல்ல, எழுதிப் பழகியது. சோயா சாஸும் இனிப்பும் ஏறிய மீன் ஒருநாளும் பொன்னிறமாகாது. பழைய தேக்குப் பெட்டியின் நிறம் வரும். குறிப்பு எழுதியவர் அதைச் சமைத்துப் பார்த்திருந்தால் அந்தச் சொல்லைப் போட்டிருக்க மாட்டார்.

'சமைத்துப் பார்' என்றதும் அந்தப் பெயரில் எஸ். மீனாட்சி அம்மாள் 1951ல் வெளியிட்ட புஸ்தகம் ஞாபகம் வருகிறது. அதில் மீன் கிடையாது. அவர் சமையலறையில் அதற்கு இடமும் இல்லை. ஆனால் எது முதலில், எது பிறகு என்பதில் அந்த அம்மாள் வாசகியைக் கைவிடுவதில்லை. மீன் சமைக்கும் வீடுகளில் சமையல் பெரும்பாலும் வாய்வழியாகவே வந்தது. அதனால்தான் மீன் குறிப்புக்கு நாம் இன்று மொழிபெயர்ப்பை நம்ப வேண்டியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

எனக்கு வருத்தம் இன்னொன்றில். இந்தச் சமையலில் கஷ்டமான பகுதி பாகுதான். அது இளகி இருந்தால் மீனில் நிற்காது, இறுகினால் மிட்டாய். உலகத்தில் இதை எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஆனால் அண்ணிக்கு ஒற்றைக் கம்பிப் பதம் தெரியும், இரட்டைக் கம்பி தெரியும், உருட்டுப் பதம் தெரியும். கார்த்திகைப் பொரி உருண்டைக்கு வருஷா வருஷம் வெல்லப்பாகு காய்ச்சுகிற கை அது. 'ஒற்றைக் கம்பிக்குச் சற்று முன்னால் இறக்கு' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அதற்குப் பதிலாக, 'கலவை கெட்டியாகும் வரை' என்று ஒன்றும் தெரியாத குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறது. வாசகிக்கு ஏற்கெனவே தெரிந்ததை எழுதுகிறவன் தெரிந்துகொள்ளாமல் இருப்பது எந்த எழுத்திலும் குற்றம்தான்.

மீனோடு இனிப்பா, அது நம் ருசிக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய புதுமனைவி தயிர் பிசைந்து பாகர் ஆக்குகிறாள். அந்தப் பாகருக்குப் புலவர் கொடுத்த அடைமொழியில் இனிமையும் புளிப்பும் சேர்ந்தே நிற்கின்றன. பொருநராற்றுப்படையில் தேனும் கிழங்கும் கொண்டுவந்தவர்கள் மீன் நெய்யும் நறவும் மாற்றிக்கொண்டு போகிறார்கள். சந்தையில் கைமாறியதெல்லாம் ஒரே சட்டியில் விழுந்தது என்று நான் சாதிக்கவில்லை. மீன் குழம்பில் ஒரு சுண்டைக்காயளவு வெல்லம் போடுகிற வீடுகள் இன்றும் உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்தக் குறுந்தொகைப் பாட்டை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்ல வேண்டும். தயிர் பிசைந்த விரலைத் துடைத்த துணி, கண்ணில் ஏறிய புகை, அவன் இனிது என்று உண்ணும்போது அவள் முகத்தில் வந்த மாறுதல், எல்லாம் சில அடிகளுக்குள் இருக்கின்றன. புலவர் அடுப்படியில் நின்று பார்த்திருக்கிறார். நம் நாவல்களில் மீன் வலையில் துள்ளுகிறது, ஏலத்தில் போகிறது, குழம்பாகி மணக்கிறது. நடுவிலுள்ள அந்தப் பத்து நிமிஷ அடுப்படி பெரும்பாலும் விட்டுப்போகிறது. என் நாவல்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மறு ஞாயிறு அண்ணி தன் புத்திப்படி செய்தாள். மறுபடி காலாதான்; ஆனால் வாங்குமுன் எங்கே பிடித்தது என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டாள். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததிலிருந்து அவளுக்கு அந்தப் பழக்கம். முன்பெல்லாம் கழிமுகத்து மடவை என்றால் கேள்வியே கிடையாது.

துண்டுகளைத் துணியால் ஒற்றி ஈரம் போக்கினாள். உப்பு மட்டும் தடவினாள். பழகிய இரும்புக்கல்லில் எண்ணெய் விட்டு, தோல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, தோசைத் திருப்பியால் லேசாக அழுத்திப் பிடித்தாள். நான் திருப்பச் சொன்னேன். "சும்மா இரு, அதுவே கல்லை விடும்" என்றாள். விட்டது. திருப்பி ஒரு நிமிஷம் வைத்துத் தட்டில் எடுத்துவிட்டாள். பிறகு அடுப்பைத் தணித்து, சாஸ் மூன்று கரண்டி, வெல்லம் ஒன்றரை, கொஞ்சம் புளித்தண்ணீர், நசுக்கிய இஞ்சி பூண்டு, கிள்ளிய மிளகாய். கரண்டியால் கல்லில் கோடு இழுத்தாள். கோடு உடனே மூடிக்கொண்டது. இன்னொரு முறை இழுத்தாள், கொஞ்சம் நின்றது. மீனை அதில் போட்டுப் புரட்டி இறக்கினாள். பளபளப்பு படத்தில் பார்த்ததைப்போலவே வந்துவிட்டது.

நான் நான்கு துண்டு சாப்பிட்டேன். அண்ணன் ஒரு துண்டை மெதுவாகத் தின்று முடித்தார். நன்றாயிருக்கிறது என்றார். நாளைக்குக் குழம்பே வைத்துவிடு என்றும் சொன்னார்.