சோறு கேட்டால் சோம்பேறியா?

"நடவுக்கு ஆள் இல்லை, களை பறிக்க ஆள் இல்லை, அறுப்புக்கு இயந்திரத்தைக் கூவி அழைக்க வேண்டியிருக்கிறது. எல்லாம் இந்த இலவச அரிசி செய்த வேலை!"

திருவையாறு முதல் திருத்துறைப்பூண்டி வரை, வரப்பிலும் வாய்க்கால் கரையிலும், திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் கேட்கும் புலம்பல் இது. புலம்பல் மட்டுமா? அதற்குப் பொருளாதாரம் என்று பெயர் சூட்டி ஏடுகள் எழுதுகின்றன. ஒழுக்க உபதேசமாக்கி மேடைகள் முழங்குகின்றன. 2022 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் நெடுஞ்சாலை திறக்கச் சென்ற பிரதமரும், இனிப்பு வழங்கி வாக்குப் பெறும் பண்பாடு என்று இதைச் சாடினார். கருவூலம் காலியாகிறதாம், உழைப்பு ஒழிகிறதாம், மக்கள் சோம்பேறியாகிறார்களாம்!

குற்றச்சாட்டைத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. மக்கள் பணத்தைச் செலவிடும் எந்தத் திட்டமும் கணக்குக் கேட்கப்பட வேண்டியதே. பகுத்தறிவு பேசும் நாமே கணக்குக்கு அஞ்சினால், நமக்கும் புராணிகருக்கும் வேற்றுமை என்ன? கணக்குப் பார்ப்போம். முழுக்கணக்காகவே பார்ப்போம்.

இலவசச் சோறு உண்டால் உழைப்பு ஒழியும் என்றால், அந்த ஆராய்ச்சியைத் தஞ்சையில்தான் தொடங்க வேண்டும். சத்திரங்கள் நிறைந்த சீமை இது. மராட்டிய மன்னர்கள் விட்டுச்சென்ற அறநிலையங்களில் அடுப்பு அணைந்ததில்லை. அவற்றைச் சார்ந்த மாணவர் விடுதிகளில் பார்ப்பனப் பிள்ளைகள் உண்டு உறைந்து படித்தனர். படித்துப் பதவிகளுக்கும் போயினர். நிலம் உழுதவனின் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. நீதிக்கட்சியின் ஏ.டி. பன்னீர்செல்வம் தஞ்சை ஜில்லா போர்டுத் தலைவராக வந்த பிறகே அந்தக் கதவு மற்றவர்க்கும் திறந்தது. அத்தனை காலம் இலவசமாக உண்டவர்களைப் பார்த்து, "சோறு உங்களைச் சோம்பேறியாக்கும்" என்று எந்தப் பொருளாதார மேதையும் எச்சரித்ததாக நாம் கேட்டதில்லை. அன்று அதன் பெயர் தருமம். பந்தியில் உட்காரும் ஆள் மாறியதும் அதன் பெயர் இலவசம்! பண்டம் ஒன்றுதான், பெயர் மட்டும் ஏன் மாறிற்று?

"முன்பெல்லாம் ஆள் கிடைத்தார்களே!" என்கிறார்கள். கிடைத்தார்கள். எப்படிக் கிடைத்தார்கள்?

பண்ணையாள் முறையில் கிடைத்தார்கள். தாமதமாக வந்தவனுக்குச் சவுக்கடி, எதிர்த்துப் பேசியவனுக்குச் சாணிப்பால் என்று கிடைத்தார்கள். வேலையற்ற மாதங்களில் மிராசுதாரிடம் நெல் கடன் வாங்கி, வேலை வந்ததும் அந்தக் கடனுக்கு உடலை ஒப்படைத்ததால் கிடைத்தார்கள். 1952இல் தஞ்சைக்கென்றே சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது என்றால், பாதுகாப்பு யாரிடமிருந்து தேவைப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

சட்டம் வந்தும் என்ன நடந்தது? 1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. கூலியாக அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் முடிவில், குடிசை ஒன்றில் ஒடுங்கியிருந்த 44 தாழ்த்தப்பட்ட உழைப்பாளர், அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும், தீக்கிரையாயினர். 1973இல் உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தது. நம் இயக்கம் கோட்டையில் அமர்ந்திருந்த காலத்தில் நடந்த கொடுமை அது என்பதை மறைக்க மாட்டோம். மறைத்துவிட்டு நியாயம் பேச நமக்கு வாயில்லை. அடுத்த ஆண்டு வேளாண் தொழிலாளர் நியாயக்கூலிச் சட்டம் வந்தது. அரைப்படி நெல்லுக்கு விலை 44 உயிர்! நெற்களஞ்சியத்தின் கணக்கேட்டில் இந்தச் செலவை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

இந்தப் பின்னணியில் அரிசித் திட்டத்தைப் பாருங்கள். 1967இல் அண்ணா ரூபாய்க்கு ஒரு படி அரிசியைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார். செலவு தாங்காததால் மாநிலமெங்கும் விரிக்க இயலவில்லை. ஆனால் எண்ணம் சாகவில்லை. 2006இல் கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. ஆட்சிகள் மாறின, அரிசி மாறவில்லை.

அதனால் விளைந்தது என்ன? குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி நியாயவிலைக் கடையில் உண்டு என்றானபின், ஐப்பசி மழையில் வேலையின்றி இருக்கும் தொழிலாளி மிராசுதாரின் கொல்லைப்புறத்தில் நின்று நெல் கடன் கேட்க வேண்டியதில்லை. கடன் இல்லையேல் கட்டு இல்லை. கட்டு இல்லையேல், "இந்தக் கூலிக்கு வரமாட்டேன்" என்று சொல்லும் துணிவு உண்டு. அவன் உழைக்க மறுக்கவில்லை. குறைந்த கூலிக்கு மறுக்கிறான். அதே மனிதன் திருப்பூருக்குப் போய் இரவு பகலாக உழைக்கிறான். வளைகுடா வெயிலில் கட்டடம் கட்டுகிறான். சோம்பேறியா அவன்?

சிறு விவசாயியின் துன்பம் மெய்யானது. அதை நாம் எள்ளி நகையாட மாட்டோம். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவன் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாமல் தவிக்கிறான். ஆனால் அந்தத் துன்பத்துக்கு மருந்து நெல்லுக்கு நல்ல விலையே தவிர, தொழிலாளியின் பட்டினி அல்ல. இந்த வேற்றுமை ஆளவந்தாருக்கும் தெரியவில்லை. ஊரக வேலை உறுதித் திட்டம் 2006இல் தொடங்கியபோது முதற்கட்டத்திலேயே நாகப்பட்டினம் மாவட்டம் இடம்பெற்றது. 2025 டிசம்பரில் அதை மாற்றி நாடாளுமன்றம் புதுச் சட்டம் செய்தது. நாட்கள் 125 என்று கூட்டினார்கள். செலவில் 40 விழுக்காட்டை மாநிலத்தின் தலையில் வைத்தார்கள். விதைப்பும் அறுவடையும் மும்முரமான காலத்தில் 60 நாட்கள் அந்த வேலையை நிறுத்திவைக்கவும் வழி செய்தார்கள். கூலி உயரக்கூடிய அந்த நாட்களில்தான் தொழிலாளிக்கு மாற்று வழி இருக்கக் கூடாதாம்! திண்ணைப் புலம்பல் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

சரி, பணக்கணக்குக்கு வருவோம். விலையில்லா அரிசி வானத்திலிருந்து கொட்டுவதில்லை. டெல்டாவின் நேரடிக் கொள்முதல் நிலையங்களில் அரசு விலை கொடுத்து வாங்கும் நெல்லும் அந்த அரிசியில் உண்டு. அதாவது, அரிசிக்கு ஆகும் செலவின் ஒரு பகுதி நிலம் வைத்திருப்பவர் கைக்கே போகிறது. அவர் வயலில் ஓடும் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம். அவர் வாங்கிய கூட்டுறவுப் பயிர்க்கடன் 2006இல் தள்ளுபடி. 2021இல் மீண்டும் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி. வேண்டாம் என்று சொல்லமாட்டோம். உழவர் வாழ வேண்டும். 2019 செப்டம்பரில் பெருங்குழுமங்களின் வருமான வரியைக் குறைத்தபோது, அதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று ஒன்றிய அரசே சொன்னது. அது ஊக்கமாம்! ஏழைக்குக் கொடுத்தால் மட்டும் இலவசமாம்! ஊக்கம் ஒருவனைச் சோம்பேறியாக்காது, சோறு ஆக்கும் என்பது எந்த ஊர் அறிவியல்?

செலவை மட்டும் பார்த்து விளைவைப் பாராத கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சென்னையில் ஒரு பழைய பாடம் உண்டு. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தர முடிவு செய்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் ஆகக் கூடாது என்று வரம்பும் கட்டியது. பின்பு அது வேறு சில பள்ளிகளுக்கும் விரிந்தது. 1922-23இல் 811 பிள்ளைகள் படித்த நான்கு பள்ளிகளில் 1924-25இல் 1,671 பேர் படித்தனர். இருமடங்கு! ஆனால் தொடக்கக் கல்வி நிதியை உணவுக்குச் செலவிடுவது கூடாது என்றது வெள்ளை அரசு. 1925 ஏப்ரல் 1ஆம் நாள் அடுப்பு அணைந்தது. அணாக்கள் மிஞ்சின, பிள்ளைகள்?

அந்த அடுப்பைக் காமராசர் 1956இல் மாநிலமெங்கும் மூட்டினார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1ஆம் நாள் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் சத்துணவாகப் பெருக்கினார். கலைஞர் 1989இல் முட்டை சேர்த்தார். 2023 ஆகஸ்டு 25இல், டெல்டாவின் திருக்குவளையில், காலைச் சிற்றுண்டி 31,008 பள்ளிகளுக்கு விரிந்தது, 15.75 லட்சம் பிள்ளைகளுக்கு 404 கோடி ரூபாய் என்று கணக்கிட்டார்கள். வகுத்துப் பாருங்கள்: ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 2,600 ரூபாய்க்கும் குறைவு! பயனோ அந்தப் பிள்ளையோடும் முடிவதில்லை. இந்தியாவின் பள்ளி உணவுத் திட்டத்தை ஆராய்ந்து 2021இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' வெளியிட்ட ஆய்வு, பள்ளியில் உணவு பெற்ற பெண்கள் பின்னாளில் தாயானபோது அவர்களுடைய குழந்தைகளிடையே வளர்ச்சிக் குறைவு குறைந்திருந்ததைக் காட்டியது. பேரப்பிள்ளை வரை பலன் தரும் முதலீட்டுக்குச் செலவு என்று பெயரிடுவதா?

இனி நம் பக்கம் திரும்புவோம். பிறர் கணக்கில் பிழை கண்டவர்கள் தம் கணக்கையும் திறக்க வேண்டும்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் 25 விழுக்காடு, இந்தியாவில் 35.5. மகிழலாம். ஆனால் அதே கணக்கெடுப்பில் இரத்தசோகை கொண்ட குழந்தைகள் 57.4 விழுக்காடு, முந்திய கணக்கெடுப்பில் 50.7. பெண்களில் 53.4 விழுக்காடு. அரிசி வயிற்றை நிரப்பிற்று, இரத்தத்தை நிரப்பவில்லை! பருப்பும் பயறும் கீரையும் முட்டையும் போதிய அளவில் தட்டுக்கு வராதவரை நம் வெற்றி அரை வெற்றியே.

2025 அக்டோபரில் குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசல்களில் நனைந்து முளைவிட்டது. வாங்கவும் காக்கவும் கிடங்கு இல்லாத திட்டம், உழவனையும் உண்பவனையும் ஒருசேர ஏமாற்றும். 2018இல் திருப்பூர் மாவட்டத்தில், தாழ்த்தப்பட்ட பெண் சமைத்த சத்துணவு வேண்டாம் என்று எதிர்த்தனர் சாதி வெறியர். சோறு போட்டால் சாதி தானே சாகும் என்று நாம் உறங்கிவிட்டதன் பலன் அது. 2006இல் வண்ணத் தொலைக்காட்சி, 2011இல் மிக்சியும் கிரைண்டரும் என்று போட்டியிட்டு வழங்கியதையும், பள்ளிக் காலைச் சிற்றுண்டியையும் ஒரே தராசில் வைத்துப் பேச நமக்கு ஒப்புதல் இல்லை. ஒன்று வீட்டின் வசதி. மற்றது உயிரின் உரிமை. அவற்றைக் குழப்புவோர் எதிரியின் கையில் கல்லெடுத்துக் கொடுக்கிறார்கள்.

ஆகவே, தோழர்களே, எந்தத் திட்டம் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். யார் தந்தது, யார் படம் போட்டது என்பதல்ல கேள்வி. ஆண்டை ஒருவனின் பிடியை இது தளர்த்துகிறதா? கடைசிக் குடிசை வரை குறையாமல் போய்ச் சேர்கிறதா? உடலும் அறிவும் இதனால் வளர்கின்றனவா? மூன்றுக்கும் ஆம் என்றால், செலவு என்ன என்று கேட்டு அதைச் செம்மையாக்குங்கள். ஒன்றுக்கேனும் இல்லை என்றால், நம்மவர் கொண்டுவந்ததானாலும் எதிர்த்துக் கேளுங்கள்.

அதற்கு நூலகம் போக வேண்டியதில்லை. உங்கள் ஊர் நியாயவிலைக் கடைக்குப் போங்கள். எடையைப் பாருங்கள், அரிசியைக் கையில் அள்ளிப் பாருங்கள். சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர் யார், உண்ண மறுப்பவர் யார் என்று பாருங்கள். குறைகளை எழுதுங்கள், கூட்டத்தில் பேசுங்கள். வரப்பில் நின்று "ஆள் கிடைக்கவில்லை" என்று எவரேனும் புலம்பினால், அமைதியாகக் கேளுங்கள்: "ஐயா, என்ன கூலி கொடுப்பீர்கள்?"