நாற்காலி மாறியவர்கள்

நம் கதைகளில் நீதிமன்றம் வந்தால் மூன்று பேருக்குத்தான் முகம் இருக்கும். கூண்டில் நிற்பவன், அவனுக்காகப் பேசும் லாயர், கடைசியில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றும் நீதிபதி. எதிர்ப்பக்கம் ஒருத்தர் நிற்பார். கறுப்புக் கோட்டு போட்டிருப்பார், 'அப்ஜக்‌ஷன்' என்பார், தோற்றுப்போவார். அன்று காலை எத்தனை ஃபைலோடு வந்தார், இந்தக் கேஸை அவரே நம்புகிறாரா என்று நான் படித்த எந்தத் தமிழ்க் கதையும் கேட்டதில்லை.

நம் நாட்டில் அவருக்கு டிபிபி என்று பெயர். பத்திரிகைகள் 'அரசு தரப்பு துணை வழக்கறிஞர்' என்று எழுதும். நான் வாசித்த மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் லோக்கப் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, ஜாமீன் பணத்துக்கு வீடு வீடாக அலையும் அம்மா இருக்கிறார். டிபிபி மட்டும் இல்லை. ஒரு பையன் மீது குற்றம் சாட்டுவதா வேண்டாமா, எந்தப் பிரிவில் சாட்டுவது என்று முடிவெடுக்கும் இடம் கதைக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. நம் ஆட்களில் எத்தனை குடும்பங்களின் தலையெழுத்து அந்த மேசையில் எழுதப்படுகிறது என்று யோசித்தால், இது சின்ன விடுபடல் இல்லை.

பழக்கம் பழையது. சிலப்பதிகாரத்தில் கோவலனைக் குற்றம் சாட்டுபவன் பொற்கொல்லன். சிலம்பைத் திருடியவனும் அவனேதான். குற்றச்சாட்டு, சாட்சி, சொந்த லாபம் மூன்றும் ஒரே ஆளிடம். மன்னன் விசாரிக்கவே இல்லை. பிறகு கண்ணகி வந்து, செத்துப்போனவனுக்காக வாதாடி ஜெயிக்கிறாள். நமக்குக் கிடைத்த முதல் பெரிய கோர்ட் சீன் இது. இதிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடம், குற்றம் சாட்டுபவன் என்றால் பொற்கொல்லன் என்பது. 1952இல் வந்த 'பராசக்தி'யில் குணசேகரன் பேசியது இன்றும் பல பேருக்கு மனப்பாடம். எதிர்த்தரப்பில் நின்றவரின் முகம் ஞாபகம் இருக்கிறதா? 'ஜெய் பீம்' 2021இல் வந்தது. அதில் குரு சோமசுந்தரம் மாதிரி ஒரு நடிகரை அரசு வழக்கறிஞராகப் போட்டும், சந்துருவின் வாதத்துக்கு முட்டுக்கட்டையாக நிற்பதைத் தவிர அவருக்குப் பெரிதாக வேலை கொடுக்கவில்லை. நல்ல படம்தான், நான் இரண்டு முறை பார்த்தேன். ஆனாலும் சொல்லணும்.

நிஜத்தில் அந்த நாற்காலி யாருக்கும் சொந்தமில்லை, அங்கேதான் கதையே இருக்கிறது. மலேசியாவில் டிபிபிக்கள் நீதி, சட்டச் சேவை என்ற ஒரே துறையிலிருந்து வருகிறார்கள். மாஜிஸ்திரேட்டும் செஷன்ஸ் நீதிபதியும் அதே துறைதான். இன்று ஜாலான் ஆயர் மோலேக்கில் இருக்கும் ஜொகூர் பாரு நீதிமன்றத்தில் குற்றம் சாட்டிக்கொண்டிருப்பவர், அடுத்த மாற்றல் கடிதத்தில் வேறொரு ஊரில் மாஜிஸ்திரேட்டாக உட்காரலாம். அதற்கடுத்த கடிதம் அவரை ஏதாவது அமைச்சின் சட்ட ஆலோசகராக்கலாம். பாலத்துக்கு அந்தப்பக்கம் சிங்கப்பூரிலும் இப்படித்தான் இருந்தது. 2022இல் நீதித்துறைச் சேவையைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். நேற்று வரை குற்றம் சாட்டிய ஒருவர் இன்று முதல் முறையாக மேலே உட்கார்ந்து, கீழே தன் பழைய சகா எழுந்து நிற்பதைப் பார்க்கும் அந்த முதல் காலை எப்படி இருக்கும்? இதை எழுத ஒரு நாவலாசிரியருக்கு என்ன தடை?

நாற்காலி சட்டத்துறைக்குள் மட்டும் சுற்றுவதும் இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 377ஆவது பிரிவைப் படித்தபோது எனக்கே ஆச்சரியம். பப்ளிக் பிராசிகியூட்டர் எழுத்துப்பூர்வமாக அனுமதித்தால் இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத போலீஸ்காரர் வழக்கை நடத்தலாம். எந்த அரசாங்க இலாகாவின் அதிகாரியும் நடத்தலாம். தொழிலிடப் பாதுகாப்புக்கான 1994ஆம் ஆண்டுச் சட்டமும் இதே வழியைத் திறந்து வைத்திருக்கிறது. அதாவது கிரேன் சரிந்த இடத்தில் டேப் பிடித்து அளந்த டோஷ் அதிகாரி, என்னை மாதிரி எஞ்சினியரிங் படித்தவர், சில மாதம் கழித்து கோட்டு போட்டுக்கொண்டு முதலாளிக்கு எதிராக நிற்க முடியும். சுற்றுச்சூழல் இலாகாவிலும் இப்படி வழக்கு நடத்தும் அதிகாரிகள் உண்டு. 2019 மார்ச்சில் பாசீர் கூடாங் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டி 111 பள்ளிகள் மூடப்பட்டபோது, அதே மாதத்தில் ஜொகூர் பாரு செஷன்ஸ் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டது. அந்தப் புகையைப் பற்றிக் கவிதைகள் வந்தன. மாதிரி எடுத்த பாட்டிலிலிருந்து குற்றப்பத்திரிகை வரை ஒரு காகிதம் எப்படிப் பயணம் செய்கிறது என்பதைப் பற்றி ஒரு கதையும் என் கண்ணில் படவில்லை.

இரவல் பிராசிகியூட்டர் என்றால் மலேசியர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது இரண்டு பேர்தான். அன்வாரின் இரண்டாவது ஓரினப்புணர்ச்சி வழக்கின் மேல்முறையீட்டில் அரசுத் தரப்புக்குத் தலைமை தாங்கியவர் தனியார் வழக்கறிஞரான முகமட் ஷாஃபி அப்துல்லா. அன்வாருக்காக வாதாடிய கர்ப்பால் சிங் 2014 ஏப்ரலில் விபத்தில் இறந்துவிட, கூட்டரசு நீதிமன்றத்தில் அந்த இடத்துக்கு வந்தவர் கோபால் ஸ்ரீ ராம், ஓய்வுபெற்ற கூட்டரசு நீதிமன்ற நீதிபதி. 2015 பிப்ரவரி 10ஆம் தேதி அன்வாரின் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை உறுதியானது. பிறகு ஆட்சி மாறியது. 2018இல் ஸ்ரீ ராம் 1எம்டிபி வழக்குக்காகத் தற்காலிக மூத்த டிபிபியாக நியமிக்கப்பட்டார். 2019 ஆகஸ்ட் 28ஆம் தேதி நஜிப் மீதான அந்த விசாரணை தொடங்கியபோது அரசுத் தரப்பில் ஸ்ரீ ராம், எதிர்த்தரப்பில் ஷாஃபி. அதே இருவர், நாற்காலி மட்டும் இடம் மாறியிருந்தது.

எனக்கு இதில் சுவாரஸ்யம் அவர்கள் இல்லை, நாம்தான். வெளியாள் எப்படி அரசுக்காகக் குற்றம் சாட்டலாம், நியமனக் கடிதத்தைக் காட்டு என்று முதலில் கேட்டது அன்வார் தரப்பு. அதே கேள்வியைப் பிறகு நஜிப் தரப்பு கேட்டது. இரண்டு ஆட்சேபங்களையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2014இல் காப்பிக்கடையில் கொதித்த பல பேர் 2018இல் கை தட்டினார்கள். முன்னே கை தட்டியவர்கள் பின்னே கொதித்தார்கள். கேள்வி அதே கேள்விதான், ஆள்தான் வேறு. நமக்குப் பிடிக்காதவனைக் குற்றம் சாட்டினால் அவர் கண்ணகி, பிடித்தவனைச் சாட்டினால் பொற்கொல்லன். அரசியல் மேடைக்கு இந்தக் கணக்கு போதும். இலக்கியத்துக்கும் போதுமா? நான் போதாது என்கிறேன். 1996இல் தான் தெக் செங் வழக்கில், அரசியலமைப்பில் உள்ள 'உயிர்' என்ற சொல்லுக்குப் பிழைப்பும் அடங்கும் என்று விரித்துப் பொருள் சொன்ன நீதிபதி ஸ்ரீ ராம். அப்படிப்பட்டவர் எழுபத்தைந்து வயதில் ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பச் சொல்லி வாதாடும் வேலையை ஏற்கிறார். 2023 ஜனவரி 29ஆம் தேதி, வழக்கு முடியும் முன்பே இறந்துபோகிறார். இந்த மனசுக்குள் போகாமல் நாம் எதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம்?

உலக இலக்கியத்திலும் பெரிய ஆறுதல் கிடைக்கவில்லை. தோல்ஸ்தோயின் 'புத்துயிர்ப்பு' நாவலில் மாஸ்லவா மீது குற்றம் சாட்டும் துணை பிராசிகியூட்டர் பிரேவே, முந்தின ராத்திரி விருந்தில் கழித்துவிட்டு கேஸ் ஃபைலைப் படிக்காமல் வருகிறவன். விஷயம் என்னவென்றால், அந்த நாவலின் கருவை 1887இல் தோல்ஸ்தோய்க்குச் சொன்ன கோனி, அந்தச் சம்பவம் நடந்தபோது பீட்டர்ஸ்பர்க்கில் பிராசிகியூட்டர். கைதியான ஒரு பெண்ணுக்குக் கடிதம் சேர்க்கணும் என்று ஒரு ஆள் அவரிடம்தான் வந்து நின்றான். காது கொடுத்துக் கேட்டு, பல வருடம் மறக்காமல் வைத்திருந்து சொன்னவர் அவர். தோல்ஸ்தோய் கதையை எடுத்துக்கொண்டார், சொன்னவரை விட்டுவிட்டார். இது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் அவர் பிரேவேவுக்குக் குறைந்தபட்சம் ஒரு தூங்காத இரவைக் கொடுத்தார். நம் டிபிபிக்களுக்கு அதுகூட இல்லை.

கதை எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், 254ஆவது பிரிவில் என்பேன். தீர்ப்புக்கு முன்னால் எந்தக் கட்டத்திலும் டிபிபி எழுந்து, இந்தக் குற்றச்சாட்டை மேற்கொண்டு நடத்தப்போவதில்லை என்று சொல்லலாம். நிறுத்தும் அதிகாரம் அது. கண்ணகிக்கு இல்லாதது, பொற்கொல்லன் ஒருநாளும் பயன்படுத்தியிருக்காதது. மாற்றல் கடிதம் கைக்கு வந்துவிட்ட ஒரு டிபிபி, சாட்சி காணாமல் போன ஒரு ஃபைல், 'விட்ராதீங்க' என்று வராந்தாவில் நிற்கும் புகார்தாரர், கூண்டில் இருபது வயசுப் பையன். அவர் எழுந்து ஒரே வரி சொல்கிறார். அடுத்த ஃபைலுக்குக் கை போகிறது. பையன் மொழிபெயர்ப்பாளரிடம் "முடிஞ்சிச்சாக்கா?" என்று கேட்கிறான். அது முழு விடுதலை கிடையாது, எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கூப்பிடலாம். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அந்த அம்மா ஒரு நிமிஷம் யோசிக்கிறார். "இப்போதைக்குப் போலாம் தம்பி."