நீரோவும் மாகனும்: கொடுங்கோலர் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கொடுங்கோலன் என்னும் பெயர் உலக வரலாற்றில் நிலைத்துவிட்ட மன்னருள் உரோமப் பேரரசன் நீரோ முதன்மையானவன். கி.பி. 54 முதல் 68 வரை ஆண்ட அவன், தலைநகர் எரிகையில் யாழ் மீட்டிக் களித்தான் என்பது பலரும் அறிந்த கதை. ஆயின், அவனைக் கடுமையாகச் சாடும் தாசிற்றஸ் என்னும் வரலாற்றாசிரியரே, 64ஆம் ஆண்டில் தீ மூண்டபோது அவன் நகரில் இருக்கவில்லை என்றும், மீண்டுவந்து வீடிழந்தோர்க்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டான் என்றும் எழுதுகின்றார். அவன் கல்லறையில் நெடுங்காலம் மலர் தூவினோர் இருந்தனர் என்பார் சுவெற்றோனியஸ். மூதவையினரின் வெறுப்பு நூலாயிற்று. மலர் தூவியோர் நூல் எழுதவில்லை. எனினும், தாயைக் கொல்வித்த பழியிலிருந்து அம்மலர்கள் அவனை விடுவிக்கமாட்டா.

ஈழத்து வரலாற்றில் இத்தகைய இடத்தைப் பெற்றவன் கலிங்க மாகன். 1215இல் பெரும்படையுடன் வந்து பொலனறுவையைக் கைப்பற்றிய அவனைச் சூளவம்சம் காட்டுத்தீக்கு ஒப்பான அழிவாளனாகவே காட்டுகின்றது. விகாரைகள் இடிக்கப்பட்டன, ஏடுகள் கட்டவிழ்த்துச் சிதறப்பட்டன, மக்களின் உடைமைகள் பறிக்கப்பட்டன என்று அந்நூல் கூறும். இருபத்தோராண்டு ஆட்சியில் ஒரு நற்செயலேனும் அதன் கண்ணுக்குப் புலப்படவில்லை. மறுபுறம், மட்டக்களப்பு மான்மியம் அவனைச் சைவம் வளர்த்த வேந்தனாகப் போற்றுகின்றது. இவ்விரு சித்திரங்களையும் நாம் எவ்வாறு மதிப்பிடுவது?

சூளவம்சம் பிக்குகளின் நூல். சங்கத்துக்குச் செய்த நன்மையும் தீமையுமே அதன் அளவுகோல். இதனை இனப்பகையின் குரலாகக் கொள்வது தவறு. மாகனுக்கு முன் மூன்றாண்டு ஆண்ட பராக்கிரம பாண்டியனும் கடல் கடந்து வந்தவனே. அவனை அறநூல் நெறி பிறழாதவன் என்று அந்நூல் பாராட்டுகின்றது. அப்பாண்டியனின் கண்களைப் பறித்தவன் மாகன். எனவே தமிழர் காவலன் என்று அவனைப் புகழ்வோர், அவனால் முதலில் வீழ்ந்தவன் ஒரு பாண்டியன் என்பதையும், அவன் தன்னைக் கலிங்கன் என்றே கொண்டான் என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

அவ்வாறாயின் சூளவம்சம் முழுதும் மெய்யோ? அதுவுமன்று. 1186இல் முதலாம் பராக்கிரமபாகு இறந்தது முதல் மாகன் வரும்வரை அரியணை பத்து முறைக்கு மேற் கைமாறிற்று. சேனாபதிகள் அரசரை ஆக்கினர், அழித்தனர். குளங்களையும் கால்வாய்களையும் பேணும் நிருவாகம் அப்போதே தளர்ந்துவிட்டது. ஒரு நாகரிகத்தின் வீழ்ச்சி முழுவதையும் ஒருவன் தலையிற் சுமத்துவது காவியத்துக்குப் பொருந்தும், வரலாற்றுக்குப் பொருந்தாது.

மான்மியத்தின் புகழ்ச்சியும் சான்றாகாது. ஒரு கோயிலுக்கு அளித்த கொடை மற்றொரு கோயிலை இடித்த பழிக்கு மறுப்பன்று. புத்தரின் தந்ததாதுவை எடுத்துச் சென்று கொத்மலையில் ஒளித்துவைத்தனர் தேரர்கள். தம் உயிரினும் மேலானதை எவரும் காரணமின்றி மறைப்பதில்லை. அவ்வச்சம் மெய்யானது.

திருகோணமலைக் கோட்டையிற் கிடைத்த சமஸ்கிருதக் கல்வெட்டுத் துண்டு சக ஆண்டு 1145இல், அஃதாவது 1223இல், சோடகங்கன் என்பான் இங்கு வந்ததைக் கூறுகின்றது. இது மாகனின் ஆட்சிக்காலமே. குளக்கோட்டன் மரபுக்கு அறிஞர் சிலர் காட்டும் அடிப்படையும் இதுவே. ஆயினும், ஒருவனின் திருப்பணியை மற்றவன் கணக்கில் எழுதுவதற்கு அக்கல்வெட்டு இடந்தரவில்லை.

உப்புவெளிக் கரையில் நின்று தெற்கே நோக்குவோர்க்குக் கோணேசர் மலை புலப்படும். பதினேழாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் அங்கிருந்த பெருங்கோயிலை இடித்துக் கோட்டை கட்டினர். அவ்விழப்பை இன்றும் நெஞ்சிற் சுமப்பவர் நாம். அங்ஙனமாயின், இடிந்த விகாரைக்காக அழுத பிக்குவின் ஏட்டை வெறும் பொய்யென்று தள்ள நமக்கு என்ன உரிமை உண்டு? அவன் சினத்தைக் கழித்து நோக்கலாம். துயரைக் கழித்தல் ஆகாது.

இறந்துபோன மன்னருக்கு வாதாட இன்று இரு தரப்பிலும் ஆட்கள் உளர். இடிபட்டவற்றின் பொருட்டுப் பேசுவோரே அரியர். திறனாய்வாளனின் இடம் அவர் பக்கமே.