கமலாம்பா நவாவரணம்: உதிரியாகக் கேட்டால் போதுமா?

தாந்திரீகம் என்றாலே நம்ம பக்கம் பில்லி, சூனியம்தான் ஞாபகத்துக்கு வரும். அது வேறு, இது வேறு என்று காட்ட நல்ல சான்று திருவாரூரில் இருக்கு. தியாகராஜர் கோவிலுக்குள் தனிச் சன்னதியில், யோக நிலையில் கால் மடித்து அமர்ந்திருக்கும் கமலாம்பாள். அவள் மேல் முத்துசுவாமி தீட்சிதர் பாடிய நவாவரணக் கீர்த்தனைகள்.

தீட்சிதர் காசியில் சிதம்பரநாத யோகியிடம் ஸ்ரீவித்யை உபதேசம் பெற்றவர். அம்பாளை ஸ்ரீசக்கரத்தில் வழிபடும் தந்திர மரபு அது. சக்கரத்துக்கு ஒன்பது சுற்றுகள். ஒரு சுற்று ஓர் ஆவரணம். வெளியே சதுரம், அப்புறம் 16 இதழ், 8 இதழ், பிறகு 14, 10, 10, 8 என்று கோணங்கள், அதற்குள் முக்கோணம், நடுவில் பிந்து. பூஜை வெளியிலிருந்து உள்ளே போகும். எங்க ஊர் மடவார் வளாகத்தில் சிவகாமி அம்மனைப் பார்க்க வாசலிலிருந்து படிப்படியா உள்ளே போறோமே, அதே திசைதான்.

சுற்றுக்கு ஒரு கீர்த்தனை. முன்னால் தோடியில் தியானம், கடைசியில் ஸ்ரீராகத்தில் மங்களம். ஆக 11.

இனி விமர்சனம். வெறும் சாகித்யமாகப் படித்தால் இவை கனமானவை. கலைச்சொற்களும் பெயர்களும் அடுக்கடுக்காக வரும். சில இடங்களில் உதிரிபாகப் பட்டியல் மாதிரியே இருக்கு. ராகம்தான் அதைத் தூக்கி நிறுத்துது. கச்சேரிகளில் ஆனந்தபைரவியோ கல்யாணியோ ஒன்றை மட்டும் எடுத்துப் பாடுவதும் அதனால்தான் எடுபடுது.

ஆனால் அப்படிக் கேட்கிறப்போ முக்கியமான ஒன்று கைநழுவிப் போகுது. முதல் ஆவரணப் பாட்டு முதல் வேற்றுமையில், இரண்டாவது இரண்டாம் வேற்றுமையில் என்று கமலாம்பாளின் பெயர் வேற்றுமை மாறிக்கொண்டே போகும். எட்டாவது, கண்டா ராகத்தில், விளி வேற்றுமை. ஒன்பதாவதான ஆகிரியில் எட்டும் சேர்ந்து வரும். தியானத்தில் "அம்மா" என்று கூப்பிட்டவர், அப்புறம் அவளால், அவளுக்கு, அவளிடமிருந்து, அவளுடைய, அவளிடத்தில் என்று சுற்றிவந்து, முக்கோணத்தில் நின்று மறுபடியும் கூப்பிடுகிறார். பிந்துவில் வேற்றுமை எல்லாம் ஒன்றாகிவிடுது. பள்ளிக்கூட இலக்கணமே இங்கே பூஜை ஆகிறது. ஒரு பாட்டை மட்டும் கேட்டால் இது தெரிய வாய்ப்பே இல்லை.

தீட்சிதர் 1835ல் காலமானது எட்டயபுரத்தில். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கோவில்பட்டி வழியா போயிடலாம். அதே ஊரில்தான் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904ல் அச்சாச்சு. மந்திர உபதேசம் இன்றும் குரு வழிதான். ஆனா உள்ளே போகும் பாதையைப் பாட்டு எல்லாருக்கும் திறந்து வச்சிருக்கு. உதிரியாவே கேட்டுப் பழகினா அந்தப் பாதை மறந்துபோகும்.

வரும் நவராத்திரிக்கு நாளுக்கு ஒன்றாக, வரிசை மாறாமல் கேட்டுப் பாருங்க.